பட்டுப் பாதையின் வாத்தியங்கள்

ஜப்பான் தேசத்தின் புராதனத் தலைநகரான நாராவில், தோதாய்ஜி என்னும் மகா புத்தர் ஆலயத்தைச் சேர்ந்த ஷோஸோயின் என்ற மரத்தாலான பொக்கிஷசாலை ஒன்று இருக்கிறது. ஷோமு சக்கரவர்த்தி காலமானதும், அவருடைய பட்டத்து ராணியான கோம்யோ, அவர் கையாண்ட அருமைப் பொருள்களையெல்லாம் 756-ஆம் ஆண்டில் புத்த பகவானுக்குக் காணிக்கையாக்கினாள். அவற்றுள் பல இன்றுவரை பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று, செந்நிற மரத்தில் செதுக்கி, முத்துச்சிப்பி இழைத்துச் செய்யப்பெற்ற, பிவா என்ற ஐந்து தந்தி வாத்தியம். மீட்டுகோல் உராயும் இடத்தில் ஆமையோட்டைப் பதித்து, அதன்மேல் ஒட்டகத்தில் அமர்ந்து பிவா வாசித்தபடி செல்லும் ஒருவனுடைய உருவத்தைச் சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒட்டகம் கிடையாது. ஐந்து தந்தி கொண்ட இவ்வகை வாத்தியம் இந்தியாவில் தோன்றி, மத்திய ஆசியாவின் பாலைவனச் சோலைகளையும் சீன தேசத்தையும் கடந்து அந்தத் தீவை அடைந்தது என்பது ஆராய்ச்சியாளர்களின் கொள்கை. பிறந்த இடத்தில் சிற்பமாகவும் சித்திரமாகவும் மட்டுமே எஞ்சிவிட்ட ஒன்று, புகுந்த இடத்தில் மரமும் தந்தியுமாக முழு உருவத்தோடு பிழைத்திருக்கிறது.

சங்கீதத்தில் கலப்பு என்பது இன்று நேற்று வந்த நாகரிகம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பிவா ஒன்றே தக்க விடையாகும். செல்லோ வித்துவான் யோ-யோ மா, தாம் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய முயற்சிக்குச் சான்றாக இதனையே பல தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார். 1955-இல் பாரிஸ் நகரில் சீனப் பெற்றோர்க்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தில் சிறு வயதிலேயே பெரும் புகழ் பெற்ற அவர், ஹார்வர்ட் சர்வகலாசாலையில் மானிடவியலையும் ஆர்வத்தோடு பயின்றவர். 1993-இல் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக்குச் சென்று, அங்கு வாழும் ஆதிக்குடிகளின் இசையைக் கேட்டு வந்தவர். பிறருடைய இசையைக் கேட்பதற்காகவே நெடுந்தூரம் பிரயாணம் செய்யும் இயல்புள்ள அவர், 1998-இல் ‘பட்டுப் பாதைத் திட்டம்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். சீனத்திலிருந்து மத்தியதரைக் கடல் வரை வியாபாரிகளும் பிக்ஷுக்களும் யாத்ரிகர்களும் நடந்த அந்தப் பழைய வழியில் உள்ள தேசங்களின் வித்துவான்களை ஒன்று சேர்த்து, அவர்களைக் கொண்டே புதிய கிருதிகளை இயற்றுவித்து வாசிக்கச் செய்வது அதன் நோக்கம். 2000-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டாங்கிள்வுட் என்ற இடத்தில் அவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடிப் பயின்றார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத நிலையில், ஒருவர் எழுதும் ஸ்வரக் குறிப்பை மற்றவர் படிக்கத் தெரியாத நிலையில், அந்தப் பயிற்சி நடந்தது.

இந்த முயற்சி பொதுஜனங்களின் கண்ணுக்கும் காதுக்கும் முழு அளவில் எட்டியது 2002-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில். வாஷிங்டன் நகரின் நடுவில், சட்டசபை மாளிகைக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் இடையே கிடக்கும் பெரிய புல்வெளியில், ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தார் 1967 முதல் ஆண்டுதோறும் நாட்டுப்புறக் கலை விழா ஒன்றை நடத்தி வருகிறார்கள். பல ஊர்களையும் பல விஷயங்களையும் அடுக்கி வைப்பதே அந்த விழாவின் வழக்கம். அந்த ஆண்டிலோ, விழா முழுவதையும் பட்டுப் பாதை என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கினார்கள். ஜூன் கடைசி வாரத்திலும் ஜூலை முதல் வாரத்திலுமாகப் பத்து நாட்கள், ஏறத்தாழ 400 கலைஞர்களும் கைவினைஞர்களும் அங்கே தங்கள் வித்தையைக் காட்டினார்கள். அனுமதிச் சீட்டு என்பதே கிடையாது. வந்து கண்டவர்களின் தொகை பத்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள்.

அந்தப் புல்வெளியின் அமைப்பே ஒரு பிரயாணமாக இருந்தது. இந்தியரான ராஜீவ் சேத்தி வகுத்த திட்டத்தின்படி, ஒரு கோடியில் நாராவின் ஆலய வாயில், மறு கோடியில் வெனிஸ் நகரத்துச் சதுக்கம், இடையே சீயான் நகரின் கோபுரம், சமர்க்கண்டின் சதுக்கம், இஸ்தான்புல்லின் சந்திப்பு என்று ஐந்து இடங்களை நிறுவியிருந்தார்கள். கராச்சியிலிருந்து வந்த சித்திரக்காரர்கள் ஒரு லாரியின் உடம்பு முழுவதையும் பூவும் பறவையுமாகத் தீட்டி நிறுத்தினார்கள். பழைய பாதையில் ஒட்டகம் சுமந்ததை இன்றைக்கு லாரி சுமக்கிறது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. கம்பளம் நெய்பவரும், காகிதம் செய்பவரும், மண்பாண்டம் வனைபவரும் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்ய, நடுவே மேடைகளில் இசை நடந்தது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்து பத்து மாதங்கள்கூட ஆகாத சமயம் அது. பட்டுப் பாதையின் நடுவிலுள்ள ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கப் படைகள் யுத்தம் செய்துகொண்டிருந்தன. விழாவின் திட்டம் அதற்கு வெகுமுன்பே உருவானதுதான் என்றாலும், அந்த ஆண்டில் அந்தத் தலைநகரத்தின் நடுவில், மத்திய ஆசியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்களோடு உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளுடன் நெருங்கி உட்கார்ந்து பாட்டுக் கேட்டதற்கு, திட்டமிட்டவர்கள் நினைத்ததைவிடப் பெரிய அர்த்தம் வந்து சேர்ந்தது.

இனி, பட்டுப் பாதைத் திட்டத்தின் இசைக் குழு வாசிக்கும் உருப்படிகளுள் ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். பாரசீக வித்துவான் கேஹான் கல்ஹோர், நெய்ஷாபூர் என்ற பழைய நகரத்தின் நீல இரவைப் பெயரில் தாங்கிய ஒரு கிருதியை இந்தக் குழுவுக்காக இயற்றினார். அவர் வாசிக்கும் வாத்தியம் கமான்சே. உருண்டையான மரக் கிண்ணத்தின் வாயில் மெல்லிய தோலைப் போர்த்தி, அடியில் ஓர் இரும்பு முள்ளைப் பொருத்தி, அந்த முள்ளைத் துடையின்மேலோ தரையிலோ ஊன்றிக்கொண்டு வாசிப்பார்கள். நம் பிடில்காரர் ஒரு தந்தியிலிருந்து மற்றொரு தந்திக்குப் போக வில்லைச் சாய்ப்பார். கமான்சேக்காரரோ வில்லை ஏறக்குறைய அதே நிலையில் வைத்துக்கொண்டு வாத்தியத்தையே இப்படியும் அப்படியும் திருப்புகிறார். வில்லின் மயிர் தளர்ந்தே இருக்கும். அதை இழுத்துப் பிடிப்பதும் விடுவதும் வாசிப்பவரின் விரல்களின் வேலை. ஆகையால், ஒரு ஸ்வரம் எழும்போதே அதன் உறுதியும் குழைவும் விரல் நுனியில் தீர்மானமாகின்றன. அந்தக் கிருதியில் கமான்சேயும், நே என்ற நாணற் குழலும், சந்தூரும் முன்னே செல்ல, மேல்நாட்டு வயலின், வியோலா, செல்லோ ஆகியவை பின்னே மெதுவாக எழுந்து, தபலா வந்து சேர்ந்ததும் எல்லாம் ஒரு கதிக்குள் அமைகின்றன. மேல்நாட்டுத் தந்தி வாத்தியங்கள் அங்கே ஸ்வரக் கூட்டுகளை எழுப்பி ஆதிக்கம் செலுத்துவதில்லை. பெரும் பகுதியில் அவை நம் தம்புரா செய்யும் காரியத்தையே செய்கின்றன என்று எனக்குப் பட்டது. அதனாலேயே நம் காதுக்கு அந்தக் கிருதி அந்நியமாகத் தோன்றுவதில்லை.

பல தேசத்து வாத்தியங்களை ஒரே மேடையில் வைப்பது சுலபம். அவற்றை ஒரே சுருதியில் நிறுத்துவதுதான் பிரம்மப் பிரயத்தனம். இந்த விஷயத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். பியானோ என்ற வாத்தியத்தில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த ஸ்வரத்தையும் ஆதாரமாக வைத்து வாசிக்கலாம் என்ற வசதிக்காக, ஏறக்குறைய எல்லா ஸ்வரங்களையும் இயற்கையான இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்த ஏற்பாடு அது. தம்புராவைச் சுத்தமாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானே எழுந்து காதில் ஒலிப்பதை நாம் அறிவோம். பியானோவின் காந்தாரம் அந்த ஸ்வயம்பூ காந்தாரத்தைவிடச் சற்றுத் தூக்கலாகவே நிற்கும். பாரசீகத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே ஷூர் என்று வழங்கும் முறையில் இரண்டாவது ஸ்வரம், நம்முடைய சுத்த ரிஷபத்துக்கும் சதுச்ருதி ரிஷபத்துக்கும் நடுவே நிற்கிறது. பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. கட்டை இல்லாத ஸ்வரத்தை எத்தகைய மேதையும் அதில் வாசிக்க முடியாது. செல்லோவிலோ, நம் பிடிலைப் போல, மெட்டுகள் கிடையா. விரல் எங்கே விழுகிறதோ அங்கே ஸ்வரம். எனவே, பட்டுப் பாதைக் குழுவில் ஒரு பாரசீக உருப்படியை வாசிக்கும்போது, இடம் மாற வேண்டியது செல்லோக்காரரின் விரல். அதற்குமுன் மாற வேண்டியது அவருடைய காது. ஐந்து வயது முதல் ‘இதுதான் சுத்தமான ஸ்வரம்’ என்று பழக்கப்பட்ட ஒருவர், அந்த இடத்தை விட்டு இன்னோர் இடத்தில் விரலை வைத்து, அதுவும் சுத்தமே என்று மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய கலப்புகளின் உண்மையான சாதனை இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மேடையில் நாம் கேட்பது அதன் பலன் மட்டுமே.

தாள வாத்தியத்துக்கும் இதே சங்கடம் உண்டு. தபலாவும் மிருதங்கமும் ஆதார ஷட்ஜத்துக்குச் சேர்க்கப்படுபவை. கச்சேரி முழுவதும் அந்த ஷட்ஜம் அசையாது என்ற நம்பிக்கையில் பிறந்தவை. மேல்நாட்டுக் கிருதியிலோ, ஆதார ஸ்வரமே நடுவில் இடம் பெயர்ந்துவிடும். அப்போது தபலாவின் நாதம் சொல்லத் தெரியாத ஒரு நெருடலாக நின்றுவிடுகிறது. காசியில் கிஷன் மகாராஜிடம் பயின்ற சந்தீப் தாஸ் நெடுங்காலமாக இந்தக் குழுவில் தபலா வாசிக்கிறார். இத்தகைய சபைகளில் தபலாக்காரர்கள் வெவ்வேறு சுருதிக்குச் சேர்த்த வலக்கைத் தபலாக்கள் சிலவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு, ஆதாரம் பெயரும்போது தாமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கையை மாற்றுவதைக் காணலாம். ரசிகர்கள் அதை ஓர் அலங்காரமாக நினைத்துக் கைதட்டுகிறார்கள். உண்மையில் அது நாதத்தோடு செய்துகொண்ட ஒரு சமாதானம்.

நாதத்தின் அளவு மற்றொரு பிரச்சினை. ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவிலிருந்து கிறிஸ்தினா பாத்தோ என்ற பெண்மணி காய்த்தா என்னும் துருத்தி வாத்தியத்தை இந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தார். திருவிழா மைதானத்திலும் ஊர்வலத்திலும் வாசிப்பதற்கென்று உண்டான வாத்தியம் அது. நம் நாகஸ்வரத்தைப் போலவே வெட்ட வெளியின் குழந்தை. மெதுவாக வாசிப்பதென்பது அதனால் இயலாத காரியம். கமான்சேயோ நாலு பேர் அமர்ந்த ஓர் அறைக்குள் வாசிக்கப் பிறந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்தால், ஒன்று மற்றதை விழுங்கிவிடாமல் இருப்பதற்கு ஒலிபெருக்கி உதவும். ஆனால் அதைவிட, எப்போது வாசிக்காமல் இருப்பது என்று அறிந்த விவேகம் அதிகமாக உதவும். சீன தேசத்து பீபாவை வாசிக்கும் வூ மான், ஐந்து விரல்களையும் சக்கரம்போல் சுழற்றி ஒரே தந்தியில் இடையறாத நாதத்தை எழுப்ப வல்லவர். அத்தகைய கை வேகம் படைத்தவர், பிறர் பாடும்போது ஒரு வட்டம் முழுவதும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருப்பதையும் நாம் பார்க்கலாம்.

எழுதி வைத்த சங்கீதமும் மனோதர்ம சங்கீதமும் எப்படிச் சேர்ந்து போவது என்ற கேள்விக்கு, இந்தக் குழு பிறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விடை கண்டிருக்கிறார். அஜர்பைஜான் தேசத்தைச் சேர்ந்த உசேயிர் ஹாஜிபேயோவ், 1908-இல் பாக்கு நகரில், லைலா மஜ்னூன் கதையை இசை நாடகமாக அரங்கேற்றினார். மேல்நாட்டு வாத்திய கோஷ்டிக்கு வேண்டியதையெல்லாம் ஸ்வரப்படுத்தி எழுதிய அவர், காதலர்கள் தங்கள் துயரத்தைப் பாடும் இடங்களில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்ன முகாம் என்று பெயரை மட்டும் குறித்து வைத்தார். முகாம் என்பது நம் ராகத்தைப் போன்றது. பாடகர் தம் சொந்தக் கற்பனையால் அதை விஸ்தரிக்க வேண்டும். பட்டுப் பாதைக் குழுவினர் இந்த நாடகத்தைச் சுருக்கி, அஜர்பைஜானின் பெரும் பாடகரான அலிம் காசிமோவும் அவர் மகள் ஃபர்கானாவும் பாட, பல மேடைகளில் நிகழ்த்தினார்கள். எழுதியதை வாசிப்பவர்கள் காத்திருக்க, எழுதாததைப் பாடுகிறவர் தம் மனம் நிறைந்தபின் தலையை அசைக்க, அந்த சமிக்ஞையில் கோஷ்டி மீண்டும் எழுகிறது. ராக ஆலாபனை முடிந்து பல்லவி எடுக்கும் தருணத்தின் சிலிர்ப்பை அறிந்தவர்களுக்கு அது புரியாமல் போகாது.

சீனத்து ஷெங் என்ற வாத்தியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மூங்கில் குழல்கள் பதினேழை ஒரு கிண்ணத்தில் வட்டமாகச் செருகி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு உலோக நாக்கைப் பொருத்தி, வாயால் ஊதியும் உறிஞ்சியும் வாசிக்கும் வாத்தியம் அது. தடையின்றி அதிரும் அந்த நாக்கின் தத்துவம் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை எட்டி, அங்கே புதிய வாத்தியங்கள் பிறக்கத் தூண்டுகோலாயிற்று என்று இசை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1842-இல் பாரிஸ் நகரில் ஹார்மோனியம் என்ற பெயர் பதிவாயிற்று. பாதிரிமாரோடும் வியாபாரிகளோடும் அது இந்தியாவுக்கு வந்தது. நம் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் புகுந்தது. நம் பாட்டு வாத்தியார்களின் பக்கத்திலிருக்கும் சுருதிப் பெட்டிக்குள்ளும் அதே நாக்குதான் இருக்கிறது. ‘இது நம்முடையது, அது அவர்களுடையது’ என்று வாத்தியங்களுக்கு வேலி போடுகிறவர்கள், அந்தப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்தால் நல்லது.

நம்முடைய பிடிலின் கதையும் இத்தகையதே. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளைய சகோதரரான பாலுஸ்வாமி தீக்ஷிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று, நம் சங்கீதத்துக்கு உரியதாக ஆக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதனைத் திருவனந்தபுரத்து ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் சபையில் பிரகாசிக்கச் செய்தார். தந்திகளை ஷட்ஜ பஞ்சமமாக மாற்றிச் சேர்த்தார்கள். நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசித்ததைத் தரையில் அமர்ந்து, சுருளைக் காலில் பதித்து வாசித்தார்கள். கமகம் பேசுவதற்கு விரல் தாராளமாக வழுக்கிச் செல்லும்படி வழி செய்தார்கள். அந்த வாத்தியத்துக்காக நம் ராகங்களில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றவில்லை.

1952-இல் இந்தியாவுக்கு வந்த மேல்நாட்டுப் பிடில் வித்துவான் யெஹூதி மெனுஹின், ரவி சங்கரின் சிதாரைக் கேட்டு மனம் பறிகொடுத்து, 1966-இல் இங்கிலாந்தில் பாத் நகரத்து விழாவில் அவரோடு சேர்ந்து வாசித்தபோது, இந்தக் கலப்பு வழி உலகத்துக்குப் பெரிய ராஜபாட்டையாயிற்று. அதன்பின் இத்தகைய விழாக்கள் பல தேசங்களில் தோன்றிவிட்டன. அவற்றுள் எல்லாமே நல்லவை என்று சொல்ல முடியாது. ஒருவருக்கொருவர் பரிச்சயமே இல்லாத நால்வரை மாலையில் மேடையேற்றி, எல்லோருக்கும் பொதுவான ஐந்து ஸ்வரங்களைப் பொறுக்கிக் கொடுத்து, முடிவில் தாளக்காரர்களை வேகப் போட்டிக்கு விட்டு, கரகோஷம் வாங்கும் கச்சேரிகளை நான் கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததில் பாதியை வெளியே வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பாதியில்தான் ராகத்தின் உயிர் இருக்கிறது. பட்டுப் பாதைக் குழுவின் உருப்படிகளும் எல்லாம் சம உயரத்தில் நிற்பவை அல்ல. ஆனால் மங்கோலிய இசைப்புலவர் ஷாரவ், ஹெர்லென் நதியின் பெயரால் இயற்றிய உருப்படியில், புல்வெளியில் மேய்ச்சல்காரர்கள் பாடும் நெடும்பாட்டும், குதிரைத் தலை செதுக்கிய இரண்டு தந்தி மோரின் ஹூரும், அவற்றுக்கு எதிரே பித்தளை டிராம்போன்களும் நிற்கும்போது, எதுவும் தன் சுபாவத்தைச் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. நெடும்பாட்டைப் பாடும் பெண்ணின் சாரீரம் ஒரே அசையைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிறது. டிராம்போன்கள் இடி முழக்கமாகக் குறுக்கிடுகின்றன. இனிமை என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அங்கே இல்லை. ஆயினும் அது பெரிய சங்கீதம்.

நம் ஊர்ச் சபாக்களில் இனி இத்தகைய கச்சேரியைக் கேட்கப் போகிறவர்கள், எத்தனை தேசத்து வாத்தியங்கள் என்று எண்ணாமல், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் முகத்தைக் கவனிக்கட்டும். தமக்குப் பழக்கமான ராகத்தின் பிடிகள் பிடிகளாகவே வருகின்றனவா, வெறும் ஆரோகண அவரோகணமாகச் சுருங்கிவிட்டனவா என்று காது கொடுக்கட்டும். நிகழ்ச்சி அமைப்பவர்களிடம், எத்தனை நாட்கள் சேர்ந்து பயின்றார்கள் என்று தயங்காமல் கேட்கட்டும்.

யோ-யோ மா தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியபின், 2020-இல் ரியானன் கிடன்ஸ் என்ற பாடகி இந்தக் குழுவின் தலைமையை ஏற்றார். அவர் வாசிக்கும் பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து புதிய மண்ணில் செய்துகொண்ட வாத்தியம். அவருடைய தலைமையில் குழு எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே 1869-இல் முடிவுபெற்ற ரயில் பாதை. மேற்கேயிருந்து மலையைக் குடைந்து வந்தவர்கள் சீனத் தொழிலாளிகள். கிழக்கேயிருந்து தண்டவாளம் போட்டு வந்தவர்களில் அயர்லாந்துக்காரர் பலர். ஆப்பிரிக்க வம்சத்தினரும் அந்தப் பாதைகளில் உழைத்தார்கள். அதனால் நிலத்தை இழந்தவர்கள் ஆதிக்குடிகள். இவர்களுடைய பாட்டுகளையும் வாத்தியங்களையும் தேடிச் சேர்த்து ஊர் ஊராக வாசித்து, 2024-இல் இசைத்தொகுப்பாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். வியாபாரிகள் நடந்த பாதையிலிருந்து கூலியாட்கள் போட்ட பாதைக்கு இந்த முயற்சி திரும்பியிருப்பதை, அதன் இருபத்தைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட சரித்திரத்தில் மிகவும் துணிவான அடியாகவே நான் கருதுகிறேன்.